கேட்டுவிட்டுக் காத்திருந்தவர்

அக்கா யாரையும் "நல்லா இருக்கீங்களா" என்று கேட்டதில்லை. "எப்பிடி இருக்கீங்க" என்றுதான் கேட்பார். கேட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடமாட்டார். நம் முகத்தைப் பார்த்தபடி நிற்பார். பதில் சொல்லி முடித்துவிட்டோம் என்று நாம் நினைத்த பிறகும் கொஞ்ச நேரம் நிற்பார். அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் பலபேர் உண்மையைச் சொன்னார்கள். சிலருக்கு அதனாலேயே அவரைப் பிடிக்காமலும் போனது.

எனக்கும் முதல் நாளே அது நடந்தது. என் வீட்டுக்காரர் பள்ளிக்கூட வாத்தியார். அவருக்கு ஜமுனாமரத்தூருக்கு மாற்றல் வந்தபோது நானும் ஆலங்காயத்திலிருந்து மலையேறி வந்தேன். என் கம்பெனி அப்போது எல்லாரையும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லியிருந்ததால் எனக்கு எந்த ஊராக இருந்தாலும் ஒன்றுதான் என்று எல்லாரும் முடிவு செய்துவிட்டார்கள். வந்த புதிதில் பார்த்தவர்கள் எல்லாரும் "மல நல்லா குளுகுளுன்னு இருக்குதா" என்றே கேட்டார்கள். நானும் ஆமாம் ஆமாம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அதே கம்பெனியில் வேலை பார்க்கிற ஒரு அக்கா சந்தைத் தெருவில் உரக்கடை மாடியில் அறை எடுத்திருக்கிறார், அங்கே நெட் லைன் நன்றாகக் கிடைக்கிறது என்று கேள்விப்பட்டு அவரைத் தேடிப்போனேன். வேலூர் அலுவலகத்தில் முகம் பார்த்திருக்கிறேன்; பேசியதில்லை. என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். காவலூர் போகும் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் ஒரு மலைக் கிராமம் அவருடையது. அங்கே போனில் சிக்னல் ஒரு கோடு காட்டுவதே அபூர்வம் என்பதால்தான் இந்த அறை.

நாற்காலியை எனக்கு இழுத்துப் போட்டுவிட்டு, "இங்க எப்பிடி இருக்குது உனக்கு?" என்று கேட்டார்.

நன்றாக இருக்கிறது என்றேன். அவர் என் முகத்தையே பார்த்தார். தலையாட்டவில்லை. வெளியே யாரோ மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். நான் மறுபடியும், குளிர்தான் கொஞ்சம் என்றேன். அதற்கும் அவர் காத்திருந்தார். பிறகு என் வாயிலிருந்து, "புடிக்கலக்கா. யாரையும் தெரியல. சாயங்காலம் ஆனா அழுகயா வருது" என்று வந்துவிட்டது. என் வீட்டுக்காரரிடம்கூட அதை நான் சொல்லியிருக்கவில்லை.

"சரி, நாளைக்கு லேப்டாப்ப எடுத்துகினு இங்க வந்துடு" என்றார் அக்கா.

அதன் பிறகு அந்த மாடி அறைதான் என் பகல். எதிரெதிரே இரண்டு மேசைகள். சந்தை நாளில் கீழேயிருந்து பலாப்பழ வாசனையும் உரமூட்டை நெடியும் சேர்ந்து ஏறி வரும்.

நாங்கள் பார்த்தது மெடிக்கல் கோடிங் வேலை. அமெரிக்காவில் ஏதோ ஓர் ஊர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்த ஒருவர் வீட்டுக்குப் போனதும், அல்லது போகாமலே முடிந்துபோனதும், அவருடைய கோப்பு எங்கள் கணினிக்கு வரும். டாக்டர் எழுதியது, நர்ஸ் எழுதியது, ரத்தப் பரிசோதனை எல்லாவற்றையும் படித்து அவருக்கு இருந்த ஒவ்வொரு நோய்க்கும் உரிய குறியீட்டைப் போட்டு அனுப்ப வேண்டும். அங்கே இன்சூரன்ஸ் கணக்கு அதை வைத்துத்தான் நடக்கிறது. அக்காவுக்கு வந்தவை பெரும்பாலும் மூச்சுக் கோப்புகள். திடீரென்று நுரையீரல் கைவிட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிவரப்பட்டவர்கள். அந்த நிலைக்கு அக்யூட் ரெஸ்பிரேட்டரி ஃபெயிலியர் என்று பெயர்.

அந்தக் குறியீட்டைப் போடுவதில் ஒரு சங்கடம் உண்டு. நோயாளிக்கு மூச்சு இரைக்கிறது, ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கிக் கிடக்கிறது, உதடு நீலம் பூத்துவிட்டது, முகத்தில் மாஸ்க் மாட்டி இயந்திரம் காற்றைத் தள்ளுகிறது. எல்லாம் கோப்பில் இருக்கும். ஆனால் டாக்டர் வெறுமனே மூச்சுத்திணறல் என்று எழுதிவிட்டுப் போயிருப்பார். என்ன நடந்தது என்று படிக்கிற எங்களுக்குத் தெரியும். தெரிந்தாலும் நாங்களாக அந்தக் குறியீட்டைப் போடக் கூடாது. டாக்டரின் வார்த்தை வேண்டும். அதற்கு அவருக்கு ஒரு கேள்வி எழுதி அனுப்ப வேண்டும். அந்தக் கேள்விக்குள்ளும் பதில் இருக்கக் கூடாது. 'இது ரெஸ்பிரேட்டரி ஃபெயிலியர்தானே' என்று கேட்டால் தப்பு. கோப்பில் கண்டதையெல்லாம் எழுதி, நீங்கள் சிகிச்சை கொடுத்தது எந்த நிலைக்கு என்று கேட்டு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

எங்களில் பலருக்கு அது தலைவலி. பழைய கேள்வி ஒன்றை எடுத்து எண்களை மட்டும் மாற்றி அனுப்பிவிடுவோம். அக்கா ஒவ்வொரு கேள்வியையும் புதிதாக எழுதுவார். எழுதி, ஒரு சொல்லை எடுத்து, இன்னொன்றைப் போட்டு, கடைசியில் என்னைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டுவார்.

"இதுல என் ஆச எங்கனாச்சும் தெரியுதா, பாரு" என்பார்.

இதற்கு நேர்மாறான கோப்புகளும் வரும். டாக்டர் அந்தப் பெரிய வார்த்தையை எழுதியிருப்பார். நர்ஸ் எழுதியதைப் பார்த்தால் ஆள் மாஸ்க் எதுவும் இல்லாமல் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டு மகளிடம் போனில் பேசிக்கொண்டிருப்பார். அப்போதும் அக்கா குறியீட்டைப் போட்டுவிட்டு நகரமாட்டார். கேள்வி அனுப்புவார். எங்கள் டீம் லீடர் வாரம் ஒருமுறை போனில், எல்லாவற்றுக்கும் கேட்டுக்கொண்டிருந்தால் வேலை எப்போது முடிவது என்று அலுத்துக்கொள்வார். அக்கா பொறுமையாகக் கேட்டுக்கொள்வார். மறுநாளும் அதையே செய்வார்.

அந்த வேலைதான் அவரை அப்படி ஆக்கியது என்று நான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

உரக்கடைக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடை. நடத்தியது புருஷனும் பெண்டாட்டியும். ஒருநாள் அந்தப் பெண் கன்னம் வீங்கி, கண்ணுக்குக் கீழே கறுத்துப்போய் டீ கொண்டுவந்தார். கடைக்கு வந்தவர்கள் எல்லாரும் "கீழ வுழுந்துட்டியாம்மா" என்று கேட்டிருக்கிறார்கள். அவரும் ஆமாம் என்று சொல்லியிருக்கிறார். நானும் அதைத்தான் கேட்டேன். அக்கா டம்ளரை வாங்கி வைத்துவிட்டு, "இன்னா ஆச்சு?" என்றார். அந்தப் பெண் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கு நான் கேட்டதையெல்லாம் எழுத விருப்பமில்லை. பல வருஷத்துக் கதை அது.

பிறகு அவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டார். போவதற்கு முன் மாடியேறி வந்தார். நன்றி சொல்ல வருகிறார் என்று நினைத்தேன். "நீ கேக்காம இருந்திருந்தா நான் சொல்லாம இருந்திருப்பேன். இப்ப சொல்லிட்டேன். இனிமே அந்த வூட்ல எப்பிடி இருக்கறது?" என்றார் அக்காவிடம். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் கேட்கக் கஷ்டமாக இருந்தது. அந்த வாரம் முழுக்க அக்கா என்னிடம்கூட எதையும் கேட்கவில்லை. தண்ணீர் வேண்டுமா, சன்னலைச் சாத்தட்டுமா என்று மட்டும் கேட்டார். எனக்குப் பயமாக இருந்தது. அடுத்த சந்தை நாளன்று படியேறி வந்த தேன்காரப் பாட்டியிடம் "எப்பிடி இருக்கீங்க" என்று கேட்டுவிட்டு நின்றபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

அக்காவின் அப்பா அதற்கு நேரெதிர் என்று சொல்லலாம். எதையும் சொல்லமாட்டார். சாமையும் கேழ்வரகும் போடுகிற மலைக்காடு கொஞ்சம், புளியமரம் நாலைந்து, இரண்டு மாடு. அம்மா முன்பே இறந்துவிட்டார். அண்ணன் திருப்பூரில் பனியன் கம்பெனியில். அண்ணிதான் வீட்டோடு இருந்தார். பெரியவருக்குப் பல வருஷப் பீடியில் நெஞ்சு கெட்டுப்போயிருந்தது. யார் எதைக் கேட்டாலும் "நல்லா இருக்குறேங்க" என்பார்.

ஒரு கார்த்திகையில் அக்கா அவரை வற்புறுத்தி ஜமுனாமரத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவந்தார். நானும் கூடப் போனேன். வாசல்கேட் வரைக்கும் கூட்டம். டாக்டரம்மா சின்ன வயது. காலையிலிருந்து தலை நிமிரவில்லை போலிருந்தது. மூச்சு வாங்குதா பெரியவரே என்று கேட்டார். இல்லீங்க என்றார் இவர். நெஞ்சு வலிக்குதா? இல்லீங்க. நல்லாத்தானே இருக்கீங்க? நல்லா இருக்குறேங்க.

அக்கா டாக்டரம்மாவிடம் ஒரு நிமிஷம் என்று கேட்டுக்கொண்டு அப்பாவின் பக்கம் திரும்பினார்.

"அப்பா, நேத்து சாமக் காட்டுக்குப் போனியே. எப்பிடிப் போன?"

அவர் யோசித்தார். "கொஞ்சம் போனேன்" என்றார். நிறுத்தி மூச்சு வாங்கினார். "நின்னேன்." மறுபடி நிறுத்தினார். "புளியமரத்தாண்ட ஒக்காந்தேன்... அங்கியே... இருந்துட்டேன்."

இரண்டு வார்த்தைக்கு மேல் அவரால் சேர்த்துப் பேச முடியவில்லை என்பது அந்த அறையில் எல்லாருக்கும் கேட்டது. டாக்டரம்மா எழுந்து வந்து அவர் விரலில் கருவியை மாட்டினார். அதில் வந்த எண்ணைப் பார்த்ததும் உள்ளே திரும்பி ஆக்சிஜனுக்குச் சொல்லிவிட்டு, ஆம்புலன்சுக்கு அவரே போன் போட்டார். கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி இறங்கிக்கொண்டிருந்தபோது பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, மாடுகளுக்குத் தண்ணி காட்டச் சொல்லும்மா என்றார். தன்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

கீழே வேலூரில் பெரிய ஆஸ்பத்திரியில் சில நாள் மாஸ்கோடு கிடந்து பிழைத்துக்கொண்டார். வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த தாளில் மூச்சுத்திணறல், சளி என்று எழுதியிருந்தது. திருப்பூரிலிருந்து வந்திருந்த அண்ணன், அப்படியென்றால் என்ன என்று கேட்டார். அக்கா தாளில் இருந்ததையே திருப்பிச் சொன்னார். எனக்குத் தாங்கவில்லை. தினமும் இதையேதானே படிக்கிறோம், உங்களுக்குத் தெரியாதா என்று தனியாகக் கூட்டிப்போய்க் கேட்டேன்.

"தெரியும். ஆனா நான் அவருக்கு டாக்டர் இல்ல, பொண்ணு" என்றார்.

பிறகு உள்ளே போனார். அங்கே இருந்த டாக்டர் இன்னொரு கட்டிலுக்குப் போகிற அவசரத்தில் இருந்தார். அக்கா, "எங்கப்பாவுக்கு வந்தது இன்னா டாக்டர்?" என்று கேட்டுவிட்டு நின்றார். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்து, அக்காவின் முகத்தைப் பார்த்து, ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நுரையீரல் இந்தத் தடவை கைவிட்டுத் திரும்பி வந்திருக்கிறது, மறுபடியும் கைவிடும், ஒரு தடவை திரும்பி வராமலும் போகலாம் என்று நிதானமாகச் சொன்னார். எந்த மருந்தை எப்போது கொடுக்க வேண்டும், என்ன பார்த்தால் உடனே தூக்கிக்கொண்டு வர வேண்டும் என்பதையும் சொன்னார். அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நன்றி சொன்னார்.

திரும்பி மலையேறும்போது அடிவாரத்து அமிர்தியைத் தாண்டினோம். அக்கா என்னைப் பார்க்காமலே, "தெரிஞ்சிகினு இருக்கறதுக்கும் காதால கேக்கறதுக்கும் நடுவுல இவ்ளோ தூரம் இருக்கும்னு நெனக்கல" என்றார்.

இவ்வளவு சொல்லிவிட்டு அவரை ஏதோ இறுக்கமானவர் என்று நினைக்கவைத்துவிடக் கூடாது. நன்றாகச் சிரிப்பார். அவர் சிரித்ததை நான் அதிகம் பார்த்தது காவலூர் வானாய்வகத்துக்காரர் விஷயத்தில்தான்.

அவர் கர்நாடகாக்காரர். வானாய்வகத்தில் ஜெனரேட்டரும் மின்சாரமும் அவர் பொறுப்பு. நாற்பதைத் தாண்டியும் கல்யாணம் ஆகாதவர். எங்கள் அறையில் ஒருநாள் மின்சாரம் போய், யுபிஎஸ்ஸும் செத்து, நாங்கள் தவித்தபோது உரக்கடைக்காரர் அவரைக் கூட்டிவந்தார். அன்றைக்குச் சரி செய்துவிட்டுப் போனவர் அதன் பிறகு ஒரு சந்தை நாளையும் விடவில்லை. பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்ற வருவார். ஊற்றியதும் அது போதுமா என்று பார்க்க மறுவாரம் வருவார். தேன்காரப் பாட்டியிடம் வாராவாரம் தேன் வாங்குவார். தனியாள் அவ்வளவு தேனை என்ன செய்கிறார் என்று சந்தையே பேசிக்கொண்டது.

"அக்கா, எல்லா அறிகுறியும் இருக்குது" என்றேன் ஒருநாள்.

"டாக்டர் எழுதலியே" என்று சொல்லிவிட்டு அக்கா மேசையில் தலை கவிழ்ந்து சிரித்தார். வெட்கத்தோடு சிரித்தார் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஒருதரம் அக்கா அவரிடமே கேட்டார். "வாராவாரம் இவ்ளோ தூரம் வர்றீங்களே, எதுக்குங்க?" அந்த மனிதர் தேன் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார். அடுத்த சந்தைக்கு வரவில்லை. அக்கா அன்று சன்னல் பக்கமே போகாமல் வேலை செய்தார். ஒரு கேள்வியை எழுதி எழுதி அழித்துக்கொண்டிருந்தார். அதற்கு அடுத்த வாரம் அவர் வந்தார். தலையில் ஹெல்மெட்டோடு வாசலிலேயே நின்றார். லடாக்கில் பனிமலை மேல் இன்னொரு தொலைநோக்கி இருக்கிறது, அங்கே மாற்றல் வந்திருக்கிறது என்றார். அக்கா காத்திருந்தார். நான் எழுந்து போக வழியில்லாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அங்க போறதுக்கு எனக்கு இஷ்டந்தாங்க. தனியா போறதுக்குத்தான் இஷ்டம் இல்ல" என்றார் அவர்.

அக்கா லேப்டாப்பை மூடிவிட்டு, "ஹெல்மெட்ட கழட்டிட்டு ஒக்காருங்க" என்றார்.

வீட்டில் கல்யாணப் பேச்சு லேசாக முடியவில்லை. வேறு சாதி, வேறு பாஷை என்று அண்ணன் குதித்தார். அது ஓய்ந்ததும் அப்பாவை முன்னால் நிறுத்தினார். அப்பாவுக்கு எப்போது என்ன ஆகும் என்று தெரியாது, அவரை விட்டுவிட்டு நீ போகமாட்டாய்தானே என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா என்னையும் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போனார்.

பெரியவர் வீட்டுக்கு வெளியே பலாமரத்து நிழலில் கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அக்கா எதிரே தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். யார், என்ன வேலை, எவ்வளவு தூரம், அங்கே எப்படிக் குளிரும், வருஷத்துக்கு எத்தனை தடவை வர முடியும். ஒன்றையும் கூட்டியோ குறைத்தோ சொல்லவில்லை. கடைசியில், "நான் இன்னா பண்ணட்டும்ப்பா?" என்றார்.

பெரியவர் இழுத்து இழுத்து மூச்சு விட்டுக்கொண்டு மகளையே பார்த்தார். பிறகு கேட்டார்.

"உனுக்கு இன்னா வேணும்?"

அக்கா வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. அவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நானும் கேட்டதில்லை. தினமும் எதிரில் உட்கார்ந்து அவர் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருந்ததோடு சரி. பெரியவர் காத்திருந்தார். அவசரப்படுத்தவில்லை, முகத்தைத் திருப்பவும் இல்லை. கோழி ஒன்று கட்டிலுக்கு அடியில் புகுந்து வெளியே போனது. அவர் அப்படியே உட்கார்ந்திருந்ததைப் பார்த்தபோது அக்கா அந்த நிற்றலை எங்கிருந்து எடுத்தார் என்று தெரிந்துவிட்டது.

"எனக்கு அவரு கூட போவணும்ப்பா" என்றார் அக்கா. சொன்னதும் அழுகை வந்துவிட்டது. "உன்ன வுட்டுட்டும் போவ முடியலப்பா. ரெண்டும் வேணும்."

"ரெண்டும் கெடைக்காது." மூச்சு வாங்கினார். "மொதல்ல எது... வாயில வந்துச்சோ... அத பண்ணு."

ஊர்க்கோயிலில் கல்யாணம் நடந்தது. அண்ணன் கடைசியில் வந்து முறை செய்தார். அங்கே லைன் நிலையாகக் கிடைக்காது, லடாக்கிலிருந்து செய்கிற வேலையில்லை இது. அக்கா வேலையை விட்டார். அறைச் சாவியை என்னிடம் கொடுத்தார். அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? இரண்டு மாதம் தனியாக உட்கார்ந்து பார்த்தேன். பிறகு காலி செய்துவிட்டு, லைன் சுமாராக இருந்தாலும் சரி என்று, சந்தைத் தெருவைப் பார்த்த எங்கள் வீட்டுச் சன்னலோரம் என் மேசையைப் போட்டுக்கொண்டேன்.

சந்தை நாட்களில் பெரியவர் பஸ் பிடித்து எங்கள் வீட்டுக்கு வருவார். மகளை வீடியோவில் பார்க்க. லைன் கிடைத்தால் பத்து நிமிஷம், கிடைக்காவிட்டால் டீ குடித்துவிட்டுக் கொஞ்சம் உட்கார்ந்திருந்து போவார். திரையில் அக்கா கம்பளித் தொப்பியோடு இருப்பார். அங்கே காற்று மெலிசு. முதல் மாதங்களில் அவருக்கே பேச்சுக்கு நடுவில் மூச்சு வாங்கியது. அப்பாவும் மகளும் ஆளுக்கு இரண்டு வார்த்தை பேசி நிறுத்தி, மறுபடி இரண்டு வார்த்தை பேசுவதைக் கேட்டுக்கொண்டு நான் அடுப்படியில் நிற்பேன். எனக்கும் பேச வேண்டும் என்று இருக்கும். அவர் நேரத்தை எடுத்துக்கொள்ளக் கூடாது என்று போகமாட்டேன்.

ஐப்பசி மழையில் ஒரு விடிகாலை அண்ணி மேட்டுக்கு ஓடி லைன் பிடித்து போன் செய்தார். நானும் என் வீட்டுக்காரரும் வண்டியில் போனோம். ஜீப் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து சேர்த்தோம். மலைச்சாலையில் மரம் விழுந்திருந்ததால் கீழே கொண்டுபோக முடியவில்லை. டாக்டரம்மா தன்னால் ஆனது எல்லாம் செய்தார். சாயங்காலம் பெரியவர் போய்விட்டார்.

அக்கா வந்து சேர இரண்டு நாளானது. அதற்குள் அடக்கம் செய்துவிட்டார்கள். வீட்டு வாசலில் கால் வைத்ததும் பெண்கள் எல்லாரும் கட்டிக்கொண்டு, உன்னையேதான் கேட்டுக்கொண்டிருந்தார், உன் பேரைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார் என்று அழுதார்கள். அவர்களில் யாரும் ஆஸ்பத்திரியில் இருக்கவில்லை. அக்கா எல்லாருடைய கையையும் பிடித்துக்கொண்டு கேட்டார். அழவில்லை. கூட்டம் கலைந்ததும் என்னை மாட்டுக்கொட்டகைப் பக்கம் கூட்டிப்போனார்.

"நீதான கூட இருந்த. இன்னா நடந்துச்சு?"

கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்து நின்றார். அந்த முகத்துக்கு எதையாவது கொடுக்க வேண்டும் போலிருந்தது. உங்களைக் கேட்டாரக்கா என்று சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் அவரிடம் அப்படிச் சொல்ல முடியவில்லை. நடந்ததைச் சொன்னேன். மத்தியானம் கண்ணைத் திறந்தார். கன்றுக்குட்டியை உள்ளே கட்டினார்களா என்று கேட்டார், கட்டியாச்சு என்றேன். கொஞ்ச நேரம் கழித்து மாஸ்க்கைக் காட்டி மூக்கு வலிக்கிறது என்றார். அழுத்திய இடத்தில் சிவந்து தோல் உரிந்திருந்தது. நர்ஸிடம் பஞ்சு வாங்கி வைத்தேன். இப்ப தேவல என்றார். அப்புறம் தூங்கினார். தூக்கத்திலேயே மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவே நேரம் கூடிக்கொண்டே போனது. உங்கள் பேரைச் சொல்லவில்லை அக்கா.

அவர் இன்னும் கொஞ்சம் காத்திருந்தார். என்னிடம் வேறெதுவும் இல்லை.

"எந்த எடத்துல பஞ்சு வெச்ச?"

என் மூக்குத் தண்டில் விரலை வைத்துக் காட்டினேன். அவர் தன் மூக்கில் அதே இடத்தில் விரலை வைத்தார். வைத்தபடியே கொட்டகைச் சுவரில் சாய்ந்து கீழே உட்கார்ந்து அழுதார். நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். மழை மறுபடியும் பிடித்துக்கொண்டது.

காரியம் முடிந்து கிளம்பும்போது பஸ் வரைக்கும் நான் போனேன். அவருடைய வீட்டுக்காரர் பையை மேலே வைத்துக்கொண்டிருந்தார். அக்கா படியில் ஒரு காலை வைத்துவிட்டுத் திரும்பி, "அங்க எல்லாம் இருக்குது. நீ இல்லாததுதான் ரொம்பக் கஷ்டமா இருக்குது எனக்கு" என்றார். நான் கேட்காமலே தன்னைப் பற்றி அவர் என்னிடம் சொன்னது அது ஒன்றுதான். எனக்கும் அப்படித்தான் என்று சொல்லியிருக்கலாம். கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டார்.

இப்போது எங்கள் வேலையில் டாக்டர்களுக்கான கேள்விகளை மென்பொருளே எழுதித் தருகிறது. தப்பில்லாமல்தான் எழுதுகிறது. நான் படித்துப் பார்த்து அனுப்புகிறேன். என் வீட்டுக்காரருக்குக் கீழே போக மாற்றல் கிடைக்கும் போலிருந்தது. இன்னும் ஒரு வருஷம் பார்க்கலாம் என்று நான்தான் சொன்னேன். பெரியவர் வந்து இறங்கிய, காவலூர்ப் பக்கமிருந்து வருகிற பஸ் சந்தைத் தெருவுக்குள் திரும்பும் சத்தம் என் மேசைக்குக் கேட்கும். திறந்த கோப்பை அப்படியே விட்டுவிட்டு எழுந்து சன்னலுக்குப் போகிறேன். சாமை மூட்டைகளும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் ஒவ்வொன்றாக இறங்குவதைப் பார்க்கிறேன். கடைசி ஆள் இறங்கி, கண்டக்டர் கதவைச் சாத்துகிறவரை அங்கேயேதான் இருக்கிறேன்.